ஞானப்பல் போச்சு... வலி ஏன் போகலை?

"கடைவாயில் வலி என்று பல் டாக்டரிடம் போனேன். ஞானப்பல் கோணலாக முளைச்சிருக்கு, எடுத்துடலாம் என்றார். எடுத்தாச்சு. பல்தான் போச்சே தவிர வலி போகலை. முன்னைவிட இப்போ ஜாஸ்தி!"

கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லியபடி வருகிறவர்கள் அனேகம். நானோ பல் டாக்டர் இல்லை, சித்த மருத்துவன். ஆனாலும் ஏன் என்னைத் தேடி வருகிறார்கள்? "பல் டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கலை. நீங்க ஏதாவது தைலமோ சூரணமோ கொடுங்க, குழியில் வச்சுக்கறேன்" என்பதற்காக!

வருகிற எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. சிலருக்கு, "இது சாதாரண வலிதான், இரண்டு நாள் பொறுங்க" என்று தைரியம் சொன்னால் போதும். சிலரை, "இப்போதே உங்க பல் டாக்டரிடம் திரும்பப் போங்க" என்று அனுப்ப வேண்டும். வெகு சிலரை அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும். இந்த மூன்றில் நீங்கள் எந்த ரகம் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்வது எப்படி? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அது என்ன ஞானப்பல்?

வாயின் கோடியில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைப்பவை ஞானப்பற்கள். விவரம் தெரிகிற வயதில் வருவதால் இந்தப் பெயர். சிலருக்கு நான்கும் வரும். சிலருக்கு ஒன்றிரண்டு. சிலருக்கு வரவே வராது. அதனால் குறை ஒன்றும் இல்லை.

கடைசியாக வரும் விருந்தாளிக்குப் பந்தியில் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சந்து கிடைத்த இடத்தில் உட்காருவார். ஞானப்பல்லும் அப்படித்தான். தாடையில் இடம் இல்லாவிட்டால் சாய்ந்தும், படுத்தும், பாதி ஈறுக்குள் புதைந்தும் நின்றுவிடும். அந்தச் சந்தில் சோறும் பருக்கையும் தங்கி, ஈறு வீங்கி, சீழ் வைத்து, பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்கும். அப்போது எடுப்பதுதான் நியாயம்.

தொந்தரவே தராத, நோயில்லாத ஞானப்பல்லை 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுக்கத் தேவையில்லை என்பது இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பு 2000-ம் ஆண்டில் சொன்ன கருத்து. ஆகவே, "ஏன் எடுக்கணும்?" என்று உங்கள் பல் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு அல்ல.

நாள் கணக்குப் பாருங்கள்

பல்லை எடுத்தபின் ஏற்படுகிற எல்லா வலியும் கோளாறு இல்லை. படுத்துக் கிடக்கும் பல் என்றால் ஈறைக் கீறி, சில சமயம் எலும்பையும் கொஞ்சம் ராவித்தான் எடுக்கிறார்கள். அதுவும் ஒரு ஆபரேஷன்தான். வலி எத்தனை நாளாக இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் முக்கியம். இயல்பாக ஆறுகிற புண்ணின் கணக்கு இது:

முதல் நாள்: மரப்பு ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கும். வலி தெரிய ஆரம்பிக்கும். எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வரும்.

2, 3-ம் நாள்: கன்னம் வீங்கும். இந்த இரண்டு நாட்களில்தான் வீக்கம் உச்சத்தில் இருக்கும். வாயை முழுசாகத் திறக்க வராது.

4-ம் நாள் முதல்: வீக்கம் வடியும். வலி நாளுக்கு நாள் குறையும்.

ஒரு வாரம், பத்து நாள்: வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். தையல் இருந்தால் பிரிப்பார்கள், அல்லது தானே கரையும்.

மூன்று, நான்கு வாரம்: குழியின் மேல் ஈறு மூடி வரும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை நாக்கு அங்கே ஒரு பள்ளத்தை உணர்ந்துகொண்டே இருக்கும். அது தப்பில்லை.

நேற்றைவிட இன்று பரவாயில்லை என்றால் நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள். குறைந்த வலி திரும்பக் கூடினால், அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

குறைந்த வலி திரும்ப வந்தால்...

பல்லை எடுத்த குழியில் ரத்தம் நிரம்பி உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதுதான் இயற்கை போட்ட கட்டு. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் அதுதான் மூடிக் காக்கிறது. அந்தக் கட்டி கரைந்தாலோ பெயர்ந்து விழுந்தாலோ எலும்பு வெறுமனே நிற்கும். காற்றுப் பட்டாலும், தண்ணீர் பட்டாலும் உயிர் போகிற வலி. இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'ட்ரை சாக்கெட்'. நாம் 'காய்ந்த குழி' என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயரில் இதை முதலில் எழுதியவர் கிராஃபோர்ட் என்ற பல் மருத்துவர், 1896-ல்.

அடையாளம் சுலபம். முதல் ஓரிரண்டு நாள் வலி தேவலை போலிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று கூடும். காதுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் 'விண் விண்' என்று ஏறும். வாயில் துர்நாற்றமும் கெட்ட ருசியும் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் குழி காலியாகத் தெரியும். சில சமயம் வெளிர் நிறத்தில் எலும்பே தெரியும். ஆனால் ஜுரமோ, சீழோ பொதுவாக இருக்காது.

யாருக்கு வரும்? எந்தப் பல்லை எடுத்தாலும் வரலாம் என்றாலும், கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கே அதிகம். சிகரெட், பீடி பிடிப்பவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், கஷ்டப்பட்டுப் பல் எடுக்கப்பட்டவர்கள், முதல் நாளிலேயே 'கொளக் கொளக்' என்று வாய் கொப்பளித்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

இது கிருமித் தாக்குதல் இல்லை என்பதால் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதில் பிரயோஜனம் இல்லை. பல் டாக்டரிடம் போனால் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த திரியை வைப்பார். பலருக்கு அன்றைக்கே வலி பெருமளவு அடங்கிவிடும். முழுக்கக் குணமாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். கவனிக்காமல் விட்டாலும் ஒருநாள் ஆறத்தான் ஆறும். ஆனால் அதுவரை ராத்தூக்கம் போச்சு. எதற்கு அந்தத் தண்டனை?

கிராம்பு வைக்கலாமா, டாக்டர்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பல் டாக்டர் வைக்கிற அந்தத் திரியில் வழக்கமாக இருப்பது யூஜினால். அது எங்கிருந்து வருகிறது? நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்பிலிருந்துதான்! இலவங்கத் தைலத்தின் பிரதானச் சரக்கே அதுதான். பல் வலிக்கு இலவங்கம் என்று நம் முன்னோர் சொன்னது வீண் பேச்சில்லை.

"அப்படியானால் நானே கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொள்கிறேனே?" கூடாது. சொத்தைப் பல்லின் மேல் ஒரு சொட்டு வைப்பது வேறு. பச்சைப் புண்ணான குழிக்குள் சுத்தத் தைலத்தை ஊற்றுவது வேறு. சதையைப் பொசுக்கிவிடும். ஆறும் நாளும் தள்ளிப்போகும். பஞ்சு உள்ளேயே ஒட்டிக்கொண்டு அழுகும். சரியான அளவில், சரியான இடத்தில், பார்த்து வைத்து, பிறகு மறக்காமல் எடுக்கவும் ஒருவர் வேண்டும். அவர் பல் டாக்டர்.

கிராம்புக்கே இந்தக் கதி என்றால் மற்றவை? மூக்குப்பொடி, புகையிலை, கற்பூரம், பல்பொடி, மஞ்சள்தூள், உப்பும் மிளகும் இடித்த பொடி... இவ்வளவையும் குழியில் திணித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அதக்கி வைத்து, அந்த இடமே வெள்ளையாக வெந்துபோய் வந்தவர்களும் உண்டு. முப்பது வருஷமாகச் சூரணமும் தைலமும் கொடுத்துப் பிழைக்கிற நானே சொல்கிறேன்: ஆறாத பல் குழிக்குள் எந்தப் பொடியும் போகக் கூடாது. சித்த மருந்தானாலும் சரிதான்.

பற்றுப் போட்டால் வடியாத வீக்கம்

மூன்று நாளைக்கு அப்புறமும் வீக்கம் வளர்ந்துகொண்டே போகிறது, ஜுரம் அடிக்கிறது, சீழ் வருகிறது, வாய் மேலும் மேலும் இறுகுகிறது என்றால், அது கிருமி இறங்கிவிட்டதன் அடையாளம். இங்கே ஆன்டிபயாடிக்கும், தேவைப்பட்டால் கீறிச் சீழ் எடுப்பதும்தான் வைத்தியம். பல் டாக்டரை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாலிபரை அவருடைய அம்மா கூட்டி வந்தார். கீழ்த்தாடைப் பல்லை எடுத்து ஐந்தாம் நாள். "நீர்க்கோவை மாதிரி இருக்கு, ஒரு பற்று எழுதிக் கொடுங்க ஐயா" என்றார் அம்மா. பையனின் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல் மாதிரி வீக்கம். நாக்கு மேலே தூக்கி நிற்கிறது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டபடி இருக்கிறார். பேச்சு குழறுகிறது. "பற்றுக்கு இப்போ நேரமில்லம்மா" என்று சொல்லி 108-ஐக் கூப்பிட்டு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே அன்று இரவே கழுத்தைக் கீறிச் சீழை வடித்தார்கள். பத்து நாள் கழித்து வீடு திரும்பினார்.

இந்த வியாதியை 1836-ல் விவரித்தவர் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர். அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது. பல்லில் ஆரம்பித்த கிருமி நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவி, மூச்சுக் குழலையே அடைத்துவிடும். அபூர்வம்தான். ஆனால் மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக் கூடியது. வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது, விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம், பற்று, 'நாளைக்குப் பார்க்கலாம்' எதுவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

உதடு மரத்தே இருக்கிறதே?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் உடற்கூறு படித்தபோது கீழ்த்தாடை எலும்பைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறோம். அதற்குள்ளே நீளமாக ஒரு கால்வாய் ஓடும். கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அந்தக் கால்வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாக்குக்குப் போகும் நரம்போ, பல்லுக்கு உள்பக்கமாக ஈறை ஒட்டியே போகிறது. பல்லை எடுக்கும்போது இவை நசுங்கினால் உதடோ, மோவாயோ, நாக்கின் ஒரு பாதியோ மரத்துப்போகும்.

மறுநாளும் மரப்பு தெளியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும். நிரந்தரமாக நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் சும்மா காத்திருக்காமல் கண்காணிப்பில் இருப்பது நல்லது. சிலருக்கு நரம்பைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதைக் காலத்தில் செய்தால்தான் பலன். மரத்திருக்கும் நாட்களில் சூடான காபி, ரசம் ஜாக்கிரதை. சுட்டதே தெரியாது!

இன்னும் சில தொல்லைகள்

வாய் திறக்கவில்லை: தாடைத் தசை இறுகுவதால் வருவது. பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் விடும். மூன்றாம் நாளிலிருந்து கன்னத்தில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்து, வாயை மெல்ல மெல்லத் திறந்து மூடிப் பழகலாம்.

மூக்கில் தண்ணீர் வருகிறது: மேல்தாடைப் பல்லின் வேருக்கு மேலே 'சைனஸ்' அறை இருக்கிறது. நடுவே உள்ள சுவர் ஓட்டையானால் குடித்த தண்ணீர் மூக்கில் வரும். மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஈறில் கூராகக் குத்துகிறது: சின்ன எலும்புச் சில்லு வெளியே வருகிறது. தானே விழுந்துவிடும், அல்லது டாக்டர் எடுத்துவிடுவார். நீங்கள் ஊசி போட்டு நோண்ட வேண்டாம்.

மெல்லும்போது 'கடக்' என்று சத்தம் கேட்டு வலி வந்தால்: எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். அரிதுதான். எக்ஸ்ரே அவசியம்.

மாதக் கணக்கில் வலிக்கிறதா?

புண் மூடிவிட்டது, ஆனால் வலி மட்டும் நிற்கிறது என்று மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து வருகிறவர்கள் உண்டு. உள்ளே வேர்த் துண்டு தங்கியிருக்கலாம். பக்கத்துப் பல் சொத்தையாக இருக்கலாம். நெடுநேரம் வாயைத் திறந்து வைத்ததில் காதோரத் தாடை மூட்டு பிசகியிருக்கலாம். எலும்பில் கிருமி தங்கியிருக்கலாம். ஒவ்வொன்றையும் பரிசோதித்து, எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

இவை ஒன்றுமே இல்லாமலும் வலிப்பதுண்டு. எரிச்சல், மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீர், லேசாகத் தொட்டாலே வலி என்றால் அது அடிபட்ட நரம்பின் வலி. 'வளி' தூண்டப்பட்டு நிற்கும் வலி என்று எங்கள் பாஷையில் சொல்வோம். சாதாரண வலி மாத்திரைகள் இதற்குச் சரியாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை. வலி எந்தப் பல்லில் என்று தெரியாமல், "இதையும் எடுத்துடுங்க டாக்டர்" என்று அடுத்தடுத்த நல்ல பற்களையும் எடுத்துக்கொண்டு போவார்கள் சிலர். வாய் காலியாகும், வலி மட்டும் மிச்சமிருக்கும். நரம்பு வலிக்குப் பல்லைப் பிடுங்குவது பரிகாரம் ஆகாது. இவர்கள் வாய், முக அறுவை நிபுணரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் சிதம்பரம், புதுக்கோட்டையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள்

சர்க்கரை நோயாளிகள்: சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆற நாளாகும், கிருமியும் சுலபமாக இறங்கும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள்: சொல்லாமலும் இருக்காதீர்கள். நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஸோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி எடுப்பவர்கள்: பல் எடுத்த இடத்தில் எலும்பு மூடாமலே நின்றுவிடும் அபாயம் உண்டு. இது 2003-லிருந்து தெரிய வந்த விஷயம். வீட்டில் உள்ள பெரியவர்களின் மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிடுகிறவர்கள்: "அது நாட்டு மருந்துதானே" என்று மறைக்காதீர்கள். அதுவும் மருந்துதான்.

பத்தியம் இருந்தால் பாதி வைத்தியம்

1. கடித்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சைச் சொன்ன நேரம்வரை அசைக்காமல் கடித்திருங்கள். பிறகும் ரத்தம் வந்தால், சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அரை மணி அழுத்திக் கடியுங்கள். நிற்காவிட்டால் டாக்டரிடம் ஓடுங்கள்.

2. முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பு இல்லை, துப்புவது இல்லை. கன்னத்துக்கு வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம்.

3. மறுநாளிலிருந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்டதும் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, தானாக வழியவிடுங்கள்.

4. இளநீரானாலும் ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சினால் ரத்தக் கட்டி பெயரும். எண்ணெய்க் கொப்பளிப்பையும் இதே காரணத்துக்காக மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள்.

5. ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, குழைந்த மோர் சாதம், பருப்புத் தண்ணீர், மசித்த கீரை ஆகியவை நல்லது. முறுக்கு, சீவல், வெற்றிலை பாக்கு, காரம் வேண்டாம். புகையும் மதுவும் அறவே கூடாது.

6. வலி மாத்திரையை டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் போடுங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

7. ஈறு மூடிய பிறகு, ஒரு டீஸ்பூன் திரிபலா சூரணத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து வாய் கொப்பளிக்கலாம். ஈறு இறுகும், வாய் நாற்றம் விலகும். சித்த மருத்துவத்துக்கு இங்கேதான் முறை வருகிறது.

கேட்டார்கள்... சொன்னேன்

மேல்தாடைப் பல்லை எடுத்தால் கண் பார்வை போகுமாமே?

போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தில் சீழ்ப் பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

ஞானப்பல் போனால் ஞானம் குறையுமா?

பெயரில் மட்டும்தான் ஞானம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம்!

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். பல் எடுக்கலாமா?

எடுக்கலாம். பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மாத்திரை எழுதுவார்கள்.

திரும்பப் போனால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ?

இந்தக் கூச்சம்தான் பலரைக் கஷ்டத்தில் விடுகிறது. பல்லை எடுத்தவருக்குத்தான் உள்ளே நடந்தது தெரியும். வலி குறையவில்லை என்றால் அவரிடம் திரும்பப் போவது உங்கள் உரிமை. கோபிப்பார் என்று பயந்தால் இன்னொரு பல் டாக்டரைப் பாருங்கள். வலியை மட்டும் மாத்திரையால் அமுக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.